மேனேஜர் உறுமுவதில்லை

"திடீர்னு நின்னுடுச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டு மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் காயில் அக்காவின் கடைக்குள் நுழைந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை. மிக்ஸியோ மேசை விசிறியோ தண்ணீர் மோட்டாரோ, எதைக் கொண்டுவந்து வைத்தாலும் சரி, அந்தத் 'திடீர்' காதில் விழுந்தால் போதும். அக்கா கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள்.

"திடீர்னு எதுவும் நிக்காது. முதல்ல சூடாயிருக்கும். அப்புறம் சத்தம் மாறியிருக்கும். வாடை வந்திருக்கும். அப்பல்லாம் நீங்க டிவி பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க. இப்ப இங்க வந்து திடீர்னு."

வந்தவர் தலையைச் சொறிவார். அக்கா மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "இது ஒரு நாள்ல ஆன கருப்பா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, எரிந்த காயிலை உருவிப் போட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பாள். அவள் கட்டிய காயில் சுலபத்தில் எரியாது. அதனால் திட்டு வாங்கியவர்களும் அடுத்த முறை அங்கேயேதான் வந்து நின்றார்கள்.

இந்தத் தொழிலை அவள் ஒரு விசிறித் தொழிற்சாலையில் கற்றுக்கொண்டாள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காயில் சுற்றும் கூடம் அது. ஜன்னலைத் திறந்தால் தூசி வருமாம், திறக்கக்கூடாது. வார்னிஷ் வாடையில் பக்கத்தில் இருந்தவள் மயங்கி விழுந்த அன்று, "ஜன்னலைத் திறங்கய்யா, நாங்க மனுஷங்க" என்று சூப்பர்வைசரிடம் எழுந்து நின்று சொன்னவள் இவள்தான். வாய் கூடிப்போச்சு என்று அந்த மாதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொன்னது சரியா தப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னாள் என்பதுதான் குற்றம். அந்த ஆத்திரத்தில்தான் கடை போட்டாள். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

ஊரையே ஒரு கை பார்க்கும் இந்தக் காயில் அக்கா ஒரே ஒருவர் முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பு. அது அவளுடைய நாத்தனார். கணவரின் மூத்த சகோதரி. வீடு அவருடையது. கீழே அவர் இருந்தார், மாடியில் இவர்கள். கடை அதே தெருவில், நாலு வீடு தள்ளி. பள்ளிக்கூட அலுவலகத்தில் காலமெல்லாம் அதட்டிப் பழகிய குரல் அவருக்கு. மூட்டுவலிக்காரர் என்பதால் மாடி ஏறமாட்டார், குரல் ஏறும். மாடிப்படியின் அடியில் நின்று அவர் பேசினால் மேலே அடுப்படியில் கரண்டி அதிரும். அக்கா அதற்கெல்லாம் "சரிங்க அண்ணி" என்று ஒரே பதிலை வைத்திருந்தாள்.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். ஹாரன் அடித்துவிட்டுத் தானே சங்கடப்படுவார். மகள் பள்ளியில் படிக்கிறாள், அப்பாவின் குணம். அக்காவின் கோபத்தில் ஒரு சொட்டுக்கூட அவளுக்கு இறங்கவில்லை.

இந்தக் குடும்பத்துக்குள் மேனேஜர் வந்தது ஒரு சாக்குப்பையில். சந்தைக்குப் பின்னால் லாரி இடித்துவிட்டுப் போன நாய் அது. சுற்றி ஒரு கூட்டம் நின்று ஐயோ பாவம் என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கூட்டத்தை விலக்கி, "படம் நல்லா வந்துச்சா? இப்ப ஒரு கை பிடிங்க" என்று கேட்டபோது பாதிப் பேரைக் காணவில்லை. கணவரின் வேனில் போட்டுக் கொண்டுவந்தாள். இடுப்பு எலும்பு விட்டுப்போயிருந்தது. கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, கடை மூலையில் படுக்க வைத்தார்கள். தேறியது. நடந்தது. பிறகு கடை வாசலில் காலை நீட்டிப் படுத்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தது. மகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். வாடிக்கையாளர்களும் "மேனேஜர் சார் இல்லையா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மேனேஜரைப் பற்றிக் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. அது உறுமாது.

வந்த புதிதில் உறுமிக்கொண்டுதான் இருந்தது. யாராவது தாண்டிப் போனால் உறுமும். முதுகைத் தொட்டால் உறுமும். கடைக்கு வருகிறவர்கள் பயப்படுவார்கள், வீட்டில் என்றால் கீழேயிருந்து நாத்தனார் குரல் ஏறிவிடும். அதனால் மூன்று பேரும் சேர்ந்து அதற்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். உறுமினால், மூக்கின் மேல் ஒரு தட்டு, "சும்மா இரு" என்று ஒரு சொல். உறுமாமல் இருந்தால் ஒரு பிஸ்கட். கெட்டிக்கார நாய், சீக்கிரம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச காலத்தில் தட்டு தேவைப்படவில்லை, சொல் போதும். அப்புறம் சொல்லும் தேவைப்படவில்லை. "மேனேஜர் வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது" என்று அக்காவின் கணவர் எதிர் சலூன்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டுவிட்டுக்கூடப் போனார்கள்.

அந்த மேனேஜர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் கையைக் கடித்தது.

வேனைக் கழுவிவிட்டு, வழக்கம்போல மேனேஜரை அதில் ஒரு சுற்று அழைத்துப்போக நினைத்திருக்கிறார். அதுவே குதித்து ஏறும். அன்று வேன் படிக்கு முன்னால் நின்று யோசித்தது. "என்ன மேனேஜர், சிவப்புக் கம்பளம் விரிக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினார். உறுமவில்லை. பல்லைக் காட்டவில்லை. திரும்பியது, கட்டை விரலுக்குக் கீழே கவ்வியது, விட்டது, சீட்டுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. கையைவிட அவர் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவும்போதும், மருத்துவமனையில் ஊசி போட வரிசையில் நின்றபோதும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. சும்மாதான் தூக்கினேன்."

மதியத்துக்குள் தெருவே ஒன்று கூடிவிட்டது. சும்மா தூக்கின மனுஷனைச் சும்மா கடிச்சிருச்சாம். இந்தச் சும்மா என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவரை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். சும்மா வந்தேன், சும்மா பார்த்தேன், சும்மா கேட்டேன், சும்மா குடுங்க. காரணம் தெரியாத இடத்தையும், காரணம் சொல்ல விரும்பாத இடத்தையும் இது ஒன்றை வைத்தே அடைத்துவிடலாம். ஒரு உயிரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இதுவே போதுமாக இருந்தது.

சலூன்காரர் கத்தரிக்கோலோடு கடைக்கு வந்தார். "ரத்த ருசி கண்டுருச்சுக்கா. இனிமே விடாது."

"நீங்க தினம் பார்க்காத ரத்தமா? எத்தனை கன்னத்தைக் கீறியிருக்கீங்க. நீங்க யாரையாவது கடிச்சீங்களா?"

மருந்துக் கடைக்காரர் வெறி நோயாக இருக்கும் என்றார். ஊசி போட்ட சீட்டு இருக்கிறது என்றாள் அக்கா. அப்படியானால் மனநோயாக இருக்கும் என்றார். "உங்ககிட்ட மாத்திரை இருக்குங்கறதுக்காக எல்லாருக்கும் நோய் குடுக்காதீங்க" என்று அவரையும் அனுப்பினாள். வந்தவர்களில் ஒருவராவது, என்ன நடந்தது, எங்கே தொட்டார், அதற்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் அக்கா உட்காரச் சொல்லி டீ கொடுத்திருப்பாள். எல்லோரும் தீர்ப்போடுதான் வந்தார்கள்.

சாயங்காலம் மாடிப்படிக்கு அடியிலிருந்து பெரிய தீர்ப்பு வந்தது.

"தெருவுல கிடந்தது, புத்தியைக் காட்டிருச்சு. இன்னைக்கு என் தம்பி கை. நாளைக்குப் புள்ளை முகம். யோசிச்சுக்க."

"சரிங்க அண்ணி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே வந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். லாரிக்காரன் தெருவில்தான் ஓட்டினான், படம் எடுத்தவர்கள் தெருவில்தான் நின்றார்கள், அவர்கள் புத்தியை என்ன சொல்வதாம்? கேட்க வேண்டியதெல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

மேனேஜருக்காக உலகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளை மேனேஜரே கவிழ்த்துவிட்டது. அந்த வாரமே மகள் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கீழே சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி அதன் பின்பக்கம் பட்டது. ஒரு சத்தமும் இல்லை. சட்டைக் கை கிழிந்து தொங்கியது. தோலில் பல் படவில்லை, அது தப்பியது யார் செய்த புண்ணியமோ. பிள்ளை அழக்கூட இல்லை, கிழிந்த துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அக்காவுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. கையில் கிடைத்த துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு போனாள். அது தலையைத் தரையோடு வைத்து, வாலைச் சுருட்டி, கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்த்தது. துடைப்பம் இறங்கவில்லை.

"உன்னைச் சாக்குல அள்ளிக்கிட்டு வந்தேனேடா. ஊரெல்லாம் உனக்காகக் கத்திக்கிட்டு இருக்கேன். என் புள்ளைகிட்டயா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நம்பிய இடத்தில் அடி விழுந்த அழுகை அது.

அன்றைக்குக் கணவர் ஒரு எண்ணைக் கூப்பிட்டார். கடிக்கிற நாய்களைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிற ஆள் ஒருவர் இருப்பதாகச் சலூன்காரர் கொடுத்த எண். அந்த ஆள் மிகவும் அன்பாகப் பேசினார். பெரிய தோட்டம், ஓடியாட இடம், கவலையே வேண்டாம் என்றார். அக்கா போனைப் பிடுங்கினாள்.

"தோட்டம் எந்தப் பக்கம்?"

"கொஞ்சம் தள்ளிக்கா."

"என்ன மரம் இருக்கு அதுல?"

"எல்லா மரமும்தான் இருக்குக்கா."

அக்கா போனைக் கட் செய்து கணவர் மடியில் போட்டாள். "பார்த்துக்கிட்டீங்கல்ல, தோட்டத்தை. கொல்லப்போறோம்னா கொல்லப்போறோம்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்குங்க மரம் நடுறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் மூவரும் மேனேஜரை வேனில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்கள். யாரும் தூக்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டி, பலகையைச் சாய்த்துப் போட்டு, அதுவாகவே ஏறும் வரைக்கும் காத்திருந்தார்கள்.

மருத்துவர் ஒரு இளம்பெண். அவசரப்படாத கை. முதலில் மேனேஜருக்குக் கம்பி வாய்க்கூடு மாட்டினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, கழுத்திலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். இடுப்புக்கு வந்ததும் மேனேஜர் விறைத்து, சட்டென்று திரும்பி வாய்க்கூட்டை அவர் கையில் இடித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்குப் பலகையில் படத்தை மாட்டி விரலை வைத்துக் காட்டினார். பழைய அடி. சேர்ந்த எலும்பு கோணலாகச் சேர்ந்து, மூட்டு தேய்ந்து, இப்போது எலும்போடு எலும்பு உரசுகிறது.

"ரொம்ப நாளாவே வலி இருந்திருக்கணும். இப்ப தாங்க முடியாத அளவுக்குப் போயிருக்கு. தொட்ட இடத்துல கடிச்சிருக்கு" என்றார். பிறகு கேட்டார், "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"உறுமவே உறுமாது டாக்டர்" என்று அக்காவின் கணவர் கட்டுப்போட்ட கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய பெருமை அவரையறியாமல் முகத்தில் வந்துவிட்டது. "நாங்க அப்படிப் பழக்கி வச்சிருக்கோம்."

"எப்படிப் பழக்கினீங்க?"

அவர் விளக்கினார். தட்டு, சொல், பிஸ்கட், எல்லாம். மருத்துவர் கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார்.

"வலிக்குது, தொடாதேன்னு சொல்ல அதுக்கு இருந்த ஒரே வாய் அதுதாங்க. அதைத்தான் சொல்லாதேன்னு பழக்கியிருக்கீங்க. வலி போகல. சொல்றது மட்டும் போயிருச்சு. இப்ப அதுக்குக் கடியைத் தவிர வேற வழி தெரியல."

கேட்க வேண்டுமா? காயில் அக்கா சிலிர்த்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நாங்கதான் கடிக்க வச்சோம்ங்கறீங்களா? ரோட்டுல கிடந்ததை எடுத்து வளர்த்தது நாங்க. லாரிக்காரன் நல்லவன். படம் எடுத்தவங்க நல்லவங்க. நாங்கதான் குத்தவாளி."

"குத்தம் சொல்லலைங்க" என்றார் மருத்துவர் பொறுமையாக. மாத்திரை எழுதிக் கொடுத்து, படுக்கும் இடத்தில் யாரும் தொடக்கூடாது, வெளியே போனால் வாய்க்கூடு, வீட்டுக்கு ஆள் வந்தால் தனி அறை, மறுபடியும் உறுமினால் தயவுசெய்து அதட்டாதீர்கள் என்றெல்லாம் சொன்னார். மறுபடி உறுமுமா என்று மகள் கேட்டாள். சொல்ல முடியாது, சிலது உறுமும், சிலது கடைசி வரைக்கும் உறுமாது என்றார்.

வேனில் வரும் வழியெல்லாம் அக்கா மருத்துவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நேற்றுப் படித்து முடித்த பெண், தனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று. பின் சீட்டிலிருந்து மகளின் குரல் வந்தது.

"நான்கூடச் சொன்னேன்மா."

"என்ன சொன்ன?"

"மேனேஜர் பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்குதுன்னு. படியேற யோசிக்குதுன்னு. ரெண்டு மூணு தடவை சொன்னேன். நீங்க வேலையில இருந்தீங்க. சும்மா இருடின்னீங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். பிள்ளை குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஆனாலும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்வது அவளுக்கு அத்தனை லேசில் வராது.

ஒத்துக்கொள்ள வைத்தது ஒரு ஹோட்டல்காரர். மறுநாள் மாவு அரைக்கும் மெஷினின் மோட்டாரைச் சுமந்துகொண்டு வந்தார். திறந்தால் உள்ளே முழுக்கக் கரி.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அதுல ஒரு டிரிப் சுவிட்ச் இருக்குல்ல, அது அடிக்கடி விழுந்து மோட்டாரை நிறுத்திக்கிட்டே இருந்துச்சு. அரைக்கிற நேரத்துல ஒரே தொந்தரவு. அதைக் கழட்டிட்டுக் கரண்டை நேரா குடுத்துட்டோம். அப்புறம் நல்லாத்தான் ஓடுச்சு. திடீர்னு..."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். ஹோட்டல்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"தொந்தரவா? அது தொந்தரவா பண்ணுச்சு? சூடாகுது, தாங்கலன்னு உங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சுய்யா. வாயைக் கழட்டிப் போட்டுட்டு, சத்தமே இல்ல, நல்லா ஓடுதுன்னு நீங்க..."

அக்காவின் பார்வை திரும்பியது. கடை மூலையில் மேனேஜர் வாய்க்கூட்டோடு படுத்துக்கிடந்தது. ஹோட்டல்காரர் மீதித் திட்டுக்காகக் காத்து நின்றார். இந்தக் கடையில் திட்டு பாதியில் நின்று அவர் பார்த்ததில்லை.

"அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"வச்சுட்டுப் போங்க" என்றாள் அக்கா. அவர் போன பிறகு, தொழிற்சாலைச் சூப்பர்வைசர் மேல் இத்தனை காலம் பற்றிக்கொண்டிருந்த எரிச்சல் முழுவதும் தன் பக்கம் திரும்பியது. ஜன்னலைத் திற என்று சொன்னதற்காக வேலையை இழந்தவள், வலிக்கிறது என்று சொன்ன ஒரு உயிரின் மூக்கில் தட்டியிருக்கிறாள். அதுவும் பிஸ்கட் கொடுத்து. அவமானமாக இருந்தது. அக்கா அவமானத்தையும் கோபமாகத்தான் வெளிப்படுத்துவாள், மோட்டாரின் மூடியை அவள் போட்ட சத்தம் சலூன் வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் அவளே கீழே இறங்கிப் போய் நாத்தனார் முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கால்களைத் தைலம் போட்டு நீவிக்கொண்டே கேட்டார். மூட்டு தேய்ந்த கதையைச் சொன்னபோது மட்டும் நீவுவது ஒரு கணம் நின்றது. ஆனால் அவர் இளகிவிடுகிற ஆள் இல்லை.

"வலி எனக்கும்தான் இருக்கு. நான் யாரைக் கடிச்சேன்?"

அக்காவுக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு வாய்ப்பு குடுங்க அண்ணி."

"ஒண்ணே ஒண்ணு. இன்னொரு தடவை யார் மேலயாவது அதோட பல்லு பட்டா, நான் தோட்டம் கீட்டம்னு பேசமாட்டேன். நேரா ஊசி. என் தம்பி மேல சத்தியமா சொல்றேன்."

இனி எல்லாம் ஒரு உறுமலில் இருந்தது. மனிதர்கள் என்னதான் கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தவறித் தொடாமல் இருக்க முடியாது. அப்படித் தொடும்போது அது முன்கூட்டிச் சொன்னால் பிழைக்கும். சொல்லாமல் கடித்தால் போயிற்று.

வீட்டில் சட்டம் போட்டார்கள். மேனேஜருக்கு மாடியில் ஜன்னலோரம் தனி மூலை, சுற்றிப் பலகைத் தடுப்பு. அதற்குள் அதன் அனுமதி இல்லாமல் யாரும் கை நீட்டக்கூடாது. 'சும்மா' என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லக்கூடாது, சொன்னவர் மேனேஜர் படுக்கும் சாக்கைத் துவைக்க வேண்டும். இது மகள் போட்ட சட்டம். முதல் சில நாட்கள் சாக்கு காயவே இல்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டால், அக்காவின் கணவர் "சு..." என்று ஆரம்பித்து, திகைத்து, கடைசியில் போன காரணத்தை உண்மையாகவே சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல் இல்லாமல் ஒரு குடும்பம் நடத்துவது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாத்திரை வேலை செய்தது. மேனேஜர் எழுந்து நிற்கும்போது தடுமாறுவது குறைந்தது. உறுமல் மட்டும் வரவில்லை. அதன் மற்ற பேச்சுகளை அவர்கள் மெல்லப் படித்தார்கள். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், உடம்பு கல்லாகிவிடும். "சொல்லுது, சொல்லுது" என்பாள் மகள், உடனே எல்லோரும் விலகுவார்கள். மேனேஜர் நம்பாமல் பார்க்கும். ஏன் நம்ப வேண்டும்? இத்தனை நாள் சொன்னதற்குத் தட்டு வாங்கிய நாய் அது. கணவரோ கடிபட்ட கையைப் பையில் விட்டுக்கொண்டு, தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து, "ஒரு தடவை உறுமுங்க மேனேஜர், போதும்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். கீழேயிருந்து நாத்தனார் இதைக் கேட்டுவிட்டுத் தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சலூன்காரரிடம் சொன்னாராம்.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள் மதியம், ஹோட்டல்காரர் மறுபடியும் டிரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டார் என்று தெரிந்து அக்கா கொதித்துக்கொண்டு சாப்பிட வந்தாள். வாய் அந்த மனிதரைப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. குளிருக்குப் போட்டிருந்த துணி மேனேஜரின் முதுகிலிருந்து நழுவிக் கிடந்தது. அக்கா திட்டுகிற வேகத்தில், தடுப்புக்கு மேலே குனிந்து, பார்க்காமல், துணியை இழுத்து இடுப்பின் மேல் அழுத்திவிட்டாள்.

வாய்க்கூடு இல்லை. சாப்பிடுவதற்காகக் கழற்றியிருந்தார்கள்.

அவள் கைக்குக் கீழே அது கல்லானது. சாப்பாட்டுக் கிண்ணத்தோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். அப்போது தொண்டைக்கு அடியிலிருந்து, துருப்பிடித்து, பாதி காற்றாக, ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. இந்த முறை சந்தேகமே இல்லை.

அக்காவின் நாக்கு பழைய சொல்லைப் பாதி உருட்டிவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். கையை மெல்ல எடுத்தாள். ஒரு அடி பின்னால் போனாள். உறுமல் அடங்கியது. மேனேஜர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அதன் மேல் விழப்போகும் தட்டுக்காகக் காத்திருந்தது. தட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைச் சாக்கில் வைத்துக்கொண்டது.

வாசலில் வேன் சாவியோடு நின்ற கணவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உன்னைப் பார்த்தா உறுமுச்சு?" என்றார், கொஞ்சம் பொறாமையோடு.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். வளர்த்த நாய் முகத்துக்கு நேரே உறுமியிருக்கிறது. இத்தனை சந்தோஷமாக அவள் வாழ்க்கையில் திட்டு வாங்கியதில்லை.

அதற்குள் மாடிப்படிக்கு அடியிலிருந்து குரல் ஏறியது.

"மேல அந்த நாய் உறுமுதே, உங்க யாரு காதுலயும் விழலையா?"

அக்கா எழுந்து போய் மேல்படியில் நின்றாள்.

"விழுது அண்ணி" என்றாள். "இப்பதான் விழுது."